ஈழநாடு பழைய இதழ்கள் எங்கே பார்க்கலாம்? 81-க்கு முன் யாழ் நூலகத்துக்குப் போனவர்கள் யாராவது?

நீர்வேலியாள்:

வணக்கம். ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஏ லெவல் படித்த காலத்தில், 1972 அல்லது 73 ஆக இருக்கும், ஈழநாடு வாரமலரில் அவர் எழுதிய சிறுகதை ஒன்று வந்ததாம். கிணற்றுப் பங்குக்காகக் கதை பேச்சில்லாமல் போன இரண்டு சகோதரிகளைப் பற்றியது. சொந்தப் பெயரில் எழுதினால் ஊரில் கதை கட்டுவார்கள் என்று புனைபெயர் போட்டிருக்கிறார். வெட்டி வைத்திருந்த பக்கம் 95 இல் யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளியேறிய இடப்பெயர்வோடு போய்விட்டது. திகதி நினைவில்லை, நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு வந்தது என்பது மட்டும் நிச்சயம் என்கிறார். அந்த இதழை இப்போது எங்கேயாவது பார்க்க முடியுமா?

இரண்டாவது, நூலகம். நான் இங்கே வளர்ந்த பிள்ளை. யாழ் நூலகம் என்றாலே 81 இல் எரிந்தது, எரித்தார்கள், 97,000 புத்தகம் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் படம் வரும், மெழுகுதிரி கொளுத்துவோம். ஆனால் எரிவதற்கு முன் அங்கே போய் என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. என்ன பேப்பர் வாசித்தீர்கள், யாரோடு போனீர்கள், சத்தம் போட்டால் யார் ஏசுவார்கள், அப்படியான சின்னச் சின்ன விஷயங்கள். அம்மாவிடம் கேட்டால் "போவோம், வாசிப்போம், வருவோம்" என்று முடித்துவிடுகிறார்.


வண்ணை வாசி:

பிள்ளை, முதலில் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நூலகத்துக்குப் போகிற பழக்கமே எங்களுக்குப் பேப்பரால் வந்ததுதான்.

எங்கள் காலத்தில் வீட்டுக்குப் பேப்பர் எடுப்பவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தால் பெரிய விஷயம். மற்ற எல்லாரும் சனசமூக நிலையம்தான். வாசிகசாலை என்போம். ஓடு போட்ட சின்னக் கட்டடம், இரண்டு நீட்டு மேசை, வாங்கு, ஒரு பழைய வானொலி, சுவரில் காந்தியும் பாரதியும். ஊர்ச் சனம் மாதாமாதம் போடுகிற சில்லறையில் பேப்பர் வாங்குவார்கள். வீரகேசரியும் தினகரனும் கொழும்பில் அச்சாகி ரயிலேறி வர வேண்டும். மழைக்காலத்தில் ரயில் பிந்தினால் பேப்பரும் பிந்தும். 1959 இல் ஈழநாடு தொடங்கியபோது, அதுவும் 61 இல் நாளிதழ் ஆனபிறகு, விடியப்புறம் சைக்கிளில் வந்து விழுகிற எங்கள் ஊர்ப் பேப்பர் என்று ஒன்று கிடைத்தது. அச்சுக்கூடம் வண்ணார்பண்ணையில் சிவன் கோயிலடியில். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அதில் என்ன பெரிய செய்தி என்று கேட்பீர்கள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் என்ன விலை, பருத்தித்துறை வீதியில் பஸ் எங்கே பிரண்டது, எந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பள்ளிக்கூடத்தை கிரிக்கெட்டில் வென்றது, இவைதான். கொழும்புப் பேப்பரில் நாங்கள் ஒரு மூலையில் இரண்டு வரியாக இருந்தோம். ஈழநாட்டில் முதல் பக்கத்தில் இருந்தோம். கே. பி. ஹரன் ஆசிரியராக இருந்த காலத்தில் ஆசிரியத் தலையங்கத்தை வாசிகசாலையில் ஒருவர் உரத்து வாசிக்க, வாசிக்கத் தெரியாத முதியவர்கள் சுற்றியிருந்து கேட்டு, பிறகு அதற்கு எதிர்த்தலையங்கம் ஒன்று அங்கேயே நடக்கும். ஒரு பேப்பரை எட்டுப்பேர் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், தாள் தாளாகப் பிரித்து. நடுத்தாள் கையில் வந்தவன் பாவம், பாதிச் செய்தியோடு இருந்து முன்தாள்காரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்றும் உங்கள் அம்மாவின் கதையோடு சேர்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. விகடனும் குமுதமும் பழையபடி வராது என்றவுடன் எங்களுக்குக் கை நடுங்கியது, உண்மையைச் சொன்னால். ஆனால் அதனால்தான் உள்ளூரில் எழுதுகிறவர்களுக்கு இடம் திறந்தது. வீரகேசரி நாவல்களாகப் பிரசுரித்தது. டொமினிக் ஜீவாவின் மல்லிகை, சுந்தரின் சிரித்திரன், எல்லாவற்றுக்கும் வாசகர் கூடினார்கள். ஈழநாடு வாரமலரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை வந்த காலம் அது. 72, 73 என்று அம்மா சொல்வது நன்றாகப் பொருந்துகிறது.

நூலகத்துக்கு நான் போனது பழைய பத்திரிகைகளுக்காக. வாசிகசாலையில் மாதம் முடிந்தால் பேப்பரைக் கட்டிக் கடைக்கு விற்றுவிடுவார்கள், அந்தக் காசில்தான் அடுத்த மாத வீரகேசரி. நூலகத்தில் விற்கமாட்டார்கள், கட்டி வைப்பார்கள். ஒரு காணி வழக்குக்காக என் ஐயா ஒரு பழைய ஏல அறிவித்தலைத் தேடிப் போனபோது நானும் கூடப் போனேன். மேசையில் தூக்கி வைத்த கட்டு என் நெஞ்சளவு. ஐயா அறிவித்தலைத் தேட, நான் நான் பிறந்த மாதத்தில் என்ன படம் ஓடியது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏடு, சுவடி, ஆனந்த குமாரசுவாமி சேகரிப்பு என்று எரிந்தவற்றைச் சொல்லும்போது எல்லாரும் அரியவற்றைச் சொல்வார்கள், சரி, சொல்லத்தான் வேண்டும். எனக்கென்றால் அந்த வெங்காய விலைக் கட்டுகள்தான் முதலில் நினைவுக்கு வரும். நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு அச்சுக்கூடத்தையும் எரித்தார்கள். பூபாலசிங்கம் புத்தகசாலையும் போனது. அச்சடித்த இடம், விற்ற இடம், சேர்த்து வைத்த இடம் மூன்றும்.


கச்சான் சரை:

வண்ணை அண்ணை எழுதியது எல்லாம் வடிவு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அவருடைய வாசிகசாலையில் ஒரு பெண்கூட இல்லை.

ஏனென்றால் இருக்கவில்லை. நான் அரியாலைப் பக்கம். எங்கள் வாசிகசாலை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அந்த வாங்கில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. மாலையில் ஆம்பிளைகள் கூடுகிற இடம், அவ்வளவுதான், அந்தப் பக்கத்தால் போகும்போது நடையைக் கூட்டிப் போவோம். தம்பி போய் வாசித்துவிட்டு வந்து சொல்வான், அதுவும் அவனுக்குப் பிடித்ததை மட்டும். எனக்குப் பேப்பர் வந்தது கடைச் சரையில். சீனி சுற்றிய தாள், கச்சான் சுற்றிய தாள். தொடர்கதையில் பதினோராம் அத்தியாயத்தின் கீழ்ப்பாதி ஒரு கிழமை வரும், பிறகு வேறு ஏதோ கதையின் தொடக்கம் வரும். அம்மா சரையை அடுப்புக்குள் போட முதல் பறித்து விரித்து வாசிப்பேன். மித்திரன் தாள் வந்தால் அம்மா முந்திவிடுவார், அதில் கொலைக்கதை கூட.

அதனால்தான் பொது நூலகம் எனக்கு வேறு. அங்கே போவதற்கு வீட்டில் மறுப்புச் சொல்ல முடியாது, படிக்கப் போகிறாள் என்றால் யாழ்ப்பாணத்தில் யார் மறிப்பது? சிநேகிதியும் நானும் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் நேரே போவோம். வாசலில் வெள்ளைச் சரஸ்வதி. செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, அந்தத் தரையே சொல்லும். பாடப்புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு பத்திரிகைப் பகுதிக்குப் போய், முழுப் பேப்பரையும், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, ஒருவரும் கையை நீட்டிப் பறிக்காமல், மடிக்காத பேப்பராக வாசித்தது எனக்கு அங்கேதான். பக்கத்தில் கோட்டுப் போட்ட வயோதிபர் ஒருவர் ஆங்கிலப் பேப்பர் வாசிப்பார், எதிரில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் சாரத்தோடு வந்து தினபதி வாசிப்பார். அதே மேசை. எங்கள் ஊரில் கோயிலுக்குள், கிணற்றடியில், தேத்தண்ணிக் கடையில் யார் எங்கே நிற்கலாம் என்று எவ்வளவு கணக்கு இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த மேசை என்ன என்று விளங்கும்.

ஏச்சு விழுந்ததா என்றால், விழுந்தது. குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பனை பிளேட்டால் வெட்டுகிற கூட்டம் ஒன்று இருந்தது. நூலக உதவியாளர் ஒருவர் அந்தப் பக்கம் வரும்போது எல்லாருடைய கையையும் பார்ப்பார். ஒருநாள் சிநேகிதியின் கொப்பிக்குள் பிளேட் இருந்தது (பென்சில் சீவ, சத்தியமாக), அன்றைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் போனபோது அவரே புதிய சஞ்சிகையை எடுத்து எங்கள் முன் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

நீர்வேலியாள், உங்கள் அம்மா "போவோம், வாசிப்போம், வருவோம்" என்று சொல்வது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவோம். அவரிடம் "யாரோடு சைக்கிளில் போனீர்கள்" என்று கேட்டுப்பாருங்கள், கதை வரும்.


கொப்பித்தாள்:

நான் இங்கே சின்னவன் போல, 84 இல் பிறந்தேன். அக்காவும் அண்ணையும் சொல்வதைக் கேட்கும்போது பொறாமையாக இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது, குறை நினைக்கவேண்டாம். எங்கள் காலத்து வாசிப்பைப் பற்றி யாரும் மெழுகுதிரி கொளுத்துவதில்லை.

எனக்குத் தெரிந்த நூலகம் கூரையில்லாத சுவர். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்ததால் சண்டை எல்லாம் அதன் மேல்தான். 84 இல் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தார்கள் என்று பிறகு படித்தேன், அடுத்த வருடமே அதுவும் அடிபட்டது. எனக்குத் தெரிந்த பேப்பர் உதயன். 85 இல் தொடங்கியது. 90 க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது பத்திரிகைத் தாளும் இல்லை. அப்போது உதயன் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது தெரியுமா? செய்திக்குக் குறுக்கே நீலக் கோடு ஓடும். சின்னத் தாள், பக்கமும் குறைவு. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கொள்ளை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு திரி போட்ட விளக்கில் அம்மம்மாவுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் மரண அறிவித்தல். அது முடிந்தபிறகுதான் மற்ற எதுவும். யாருடைய மகன், எந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், எங்கே வசித்தவர், கிரியை எத்தனை மணிக்கு. அம்மம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உறவுமுறை வைத்திருப்பார். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது பாலர் பாடப் புத்தகத்தில் இல்லை, இறந்தவர்களின் பெயர்களில்தான்.

பேப்பர் நடத்துவது என்ன விளையாட்டா? 1987 ஒக்டோபர் 10 அன்று ஈழமுரசு, முரசொலி இரண்டினதும் அச்சகங்களை இந்திய இராணுவம் குண்டு வைத்துத் தகர்த்தது. 2006 மே 2 ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள், அது உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்திய நாள். 81 மட்டும் ஒரு தனிச் சம்பவம் மாதிரிக் கதைக்கும்போது எனக்கு ஒப்பவில்லை.

திருத்திக் கட்டிய நூலகம் 2003 இல் வந்தது. அதைத் திறப்பதா வேண்டாமா, எரிந்த சுவரை அப்படியே நினைவாக விடுவதா என்று அப்போது ஊரில் பெரிய இழுபறி. நான் திறக்கவேண்டும் என்ற பக்கம். பரீட்சைக்குப் படிக்க எங்களுக்கு மின்விசிறியும் மேசையும் தேவைப்பட்டது. பஸ்ஸில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்கள் வாசலில் நின்று முகத்தைச் சோகமாக வைத்துப் படமெடுப்பார்கள், நாங்கள் உள்ளே கணக்குச் செய்துகொண்டிருப்போம். இப்போதும் அப்படித்தான். பின்னேரம் போய்ப் பாருங்கள், இடம் பிடிக்கிறதே கஷ்டம்.


திகதி பார்ப்பவர்:

நான் நூலகத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், கொழும்பில். சில விஷயங்களை நேராக்கிவிட்டு, கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் உருகிவிட்டோம், இதழ் எங்கே என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

எரிந்த இரவு மே 31 என்று பலர் எழுதுவார்கள், ஜூன் 1 என்று அங்கே இருந்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4. மே 31 மாலை நாச்சிமார் கோயிலடியில் நடந்த கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதோடு தொடங்கிய வெறியாட்டம் தொடர்ந்து சில நாள் நடந்தது. கடைகள், யோகேஸ்வரன் எம்.பி.யின் வீடு, தமிழர் விடுதலைக் கூட்டணி அலுவலகம், ஈழநாடு, நூலகம் எல்லாம் அந்த நாட்களுக்குள்தான். பத்திரிசியார் கல்லூரியில் இருந்த பன்மொழிப் புலவர் டேவிட் அடிகளார் நெருப்பைக் கண்டு மாரடைப்பால் இறந்தார்.

தொடக்கத்தையும் ஒருவரும் சொல்லவில்லை. அது அரசாங்கம் கட்டிக் கொடுத்ததல்ல. க. மு. செல்லப்பா என்பவர் 1933 இல் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து குழு அமைத்து, ஆயிரம் அளவில் புத்தகமும் பத்திரிகையும் சேர்த்து ஒரு அறையில் வைத்தார்கள். பிறகு கட்டட நிதி. பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் அதற்காக அலைந்தது பெரிய அலைச்சல். சென்னையிலிருந்து கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார், உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனே ஆலோசனை சொன்னார். 1959 இல் மேயர் துரையப்பா திறந்து வைத்தார். ஈழநாடு தொடங்கியதும் அதே 59 தான். 22 வருடம் கழித்து இரண்டும் ஒரே கிழமையில் எரிந்தன.

சரி, இதழ். முதலில் நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம், ஈழத்துப் பத்திரிகைகளை வருட வாரியாக, திகதி வாரியாகப் போட்டிருக்கிறார்கள், காசு இல்லை. எல்லா நாளும் இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். வீட்டுப் பரணிலும் பெட்டிக்குள்ளும் தப்பியதைச் சனம் கொண்டுவந்து கொடுத்துச் சேர்ந்தது அது.

அங்கே இல்லாவிட்டால் கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களம். இது பலருக்குத் தெரியாது. இலங்கையில் அச்சாகும் பத்திரிகையின் பிரதியை அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் காலத்துச் சட்டம், அந்தப் பிரதிகள் அங்கே போய்ச் சேரும். யாழ்ப்பாணத்தில் எரிந்த பேப்பரின் பிரதி கொழும்பில் அரசாங்க அலுமாரிக்குள் இருப்பது ஒரு வயிற்றெரிச்சல்தான், ஆனால் தேடுகிறவனுக்கு அது வசதி. நேரில் ஒருவர் போகவேண்டும், அடையாள அட்டையோடு, இன்ன பத்திரிகை இன்ன மாதம் என்று எழுதிக் கொடுத்து. "72 அல்லது 73" என்று போனால் முகத்தைச் சுளிப்பார்கள். நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசைக்கு வரும், ஆகவே இரண்டு வருடத்துக்கும் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் முடியும்வரை வாரமலர் வந்த நாட்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். பதினைந்து இதழ் தேறாது, ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.


நீர்வேலியாள்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கச்சான் சரை அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். யாரோடு சைக்கிளில் போனீர்கள் என்று. ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். எல்லாவற்றையும் இங்கே போடமுடியாது, போட்டால் அடி விழும். கதை எழுதியதே நூலகத்தில் இருந்துதானாம், வீட்டில் எழுதினால் மாமா வாங்கிப் பார்ப்பார் என்று. கையெழுத்துப் பிரதியைத் தபாலில் அனுப்பப் பயந்து, சிநேகிதியும் அவரும் சிவன் கோயிலுக்குக் கும்பிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஈழநாடு அலுவலகப் படியில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். உள்ளே போகவில்லை.

இன்னொரு தகவல்: கதை வந்த வருடம் அம்மாவின் அண்ணருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை, தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த முறை) பற்றி வீட்டில் ஒரே சண்டை, அந்தச் சண்டைக்கு நடுவில்தான் பேப்பர் வந்தது என்கிறார்.

கொப்பித்தாள், நீங்கள் சொன்னது எனக்கும் உறைத்தது. உங்களிடம் அந்தக் கோடு போட்ட உதயன் ஒன்றாவது இருக்கிறதா?


கொப்பித்தாள்:

என்னிடம் இல்லை. அம்மம்மாவின் தையல்பெட்டிக்குள் அளவு வெட்டிய தாள்களாக இரண்டு மூன்று கிடந்தன, சட்டைக் கழுத்து அளவு. ஒரு பக்கம் மரண அறிவித்தல், பாதி முகம். மச்சாளிடம் இருக்கலாம், கேட்டுவிட்டு ஸ்கான் பண்ணிப் போடுகிறேன்.


திகதி பார்ப்பவர்:

தரப்படுத்தல் கணக்கில் 71 ஐயும் விடமுடியாது, அந்தச் சண்டை எங்கள் வீட்டில் அப்போதே தொடங்கிவிட்டது. மூன்று வருடத்தையும் பார்க்கவேண்டும். வியாழக்கிழமை எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. புனைபெயரையும், தலைப்பில் ஒரு சொல்லாவது அம்மாவுக்கு நினைவிருந்தால் அதையும் தனிமடலில் அனுப்புங்கள்.